கடைக்கு அலாரம் போடுமுன்: அடித்தால் வரப்போவது யார்?

கேள்வி: புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் சேலை மொத்தக் கடை நடத்துகிறேன். அப்பா தொடங்கிய கடை, நாலு வருடமாக நான் பார்க்கிறேன். கீழே விற்பனை, மேலே ஸ்டோர். மேல்மாடியின் பின்பாதிக்கு அஸ்பெஸ்டஸ் சீட் கூரை. பக்கத்துக் கட்டடத்தை இடித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். அவர்களுடைய சாரம் எங்கள் சுவரோடு ஒட்டி நிற்கிறது. போன மாதம் எங்கள் வரிசையில் ஒரு கடையில், லீவு நாள் பார்த்து, கூரையைக் கழற்றி இறங்கிவிட்டார்கள். அலாரம் போட மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் 16 கமரா போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் வயர் இல்லாத செட் தருகிறார், போனிலேயே பார்க்கலாமாம். மூன்றாமவர் வயர் இழுத்து, கடையை எட்டுப் பகுதியாகப் பிரித்துக் காவல் பார்க்கும் எட்டு ஸோன் பெட்டி பூட்டச் சொல்கிறார். விலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. நான் இருப்பது வெள்ளவத்தையில். எதை எடுப்பது? - வாசகி, கொழும்பு

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று விலைப்பட்டியலையும் ஒரு பக்கம் வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் போன் எடுத்து எழும்பி வரக்கூடிய மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயர் முதலாவது. மற்ற இரண்டும்? கொட்டாஞ்சேனையிலோ ஆமர் வீதியிலோ இருக்கிற உங்கள் கடை ஆள் ஒருவர், அதே தெருவில் கடைக்கு மேலேயே குடியிருக்கும் தெரிந்தவர் ஒருவர் என்றால் நல்லது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் கடை வாசலுக்கு வர எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். வெள்ளவத்தையிலிருந்து வீதி வெறித்துக் கிடக்கும் நேரத்தில்கூட, உடுப்பு மாற்றி வாகனம் எடுத்து வர இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

முப்பது வருடமாக அலாரம் பூட்டும் வேலை செய்கிறேன். எந்த பிராண்ட், எத்தனை சென்சர் என்று கேட்காத முதலாளி இல்லை. அடித்தால் யார் வருவார் என்று தானாகக் கேட்டவர் மிகக் குறைவு. ஆனால் முழுத் திட்டமும் அந்தக் கேள்வியில் இருந்துதான் பிறக்கிறது. வருகிற ஆளுக்கு இருபது நிமிடம் வேண்டும் என்றால், கள்ளன் உங்கள் பட்டுச் சேலைக் கட்டுகளைத் தொடுவதற்கு இருபது நிமிடம் முன்னரே அலாரம் அவனைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவன் கடைக்கு நடுவில் வந்து நின்ற பிறகு அடிக்கிற சைரன் பிந்திப்போன சைரன்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பயத்தோடுதான் சொல்கிறேன். அழைப்பு வந்ததும் நீங்களோ உங்கள் பொடியன்களோ தனியாக உள்ளே போகக்கூடாது. 119க்கும் புறக்கோட்டைப் பொலிஸுக்கும் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வெளிச்சத்தில் நில்லுங்கள். உங்கள் வேலை பொலிஸுக்கு வழி காட்டுவதும் திறப்புக் கொடுப்பதும்தான். அந்த மூன்று பேருக்கும் இதைத் திட்டமாகச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, கடையைக் கள்ளனின் கண்ணால் பார்ப்பது. ஒரு ஞாயிறு பின்னேரம், கடைகள் பூட்டிய பிறகு, மேலே ஏறிப் பாருங்கள். முன்பக்க ரோலர் கதவைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதில் கைவைத்தால் தெரு முழுக்கச் சத்தம் கேட்கும், வெளிச்சமும் இருக்கிறது. புறக்கோட்டையில் பழைய கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்பவை. ஒரு கூரையில் ஏறியவன் ஆறு கடை தாண்டி நடக்கலாம். இரவில் லொறிகளும் மூட்டை தூக்கும் நாட்டாமைகளுமாக ஆள் நடமாட்டம் இருந்த மெனிங் மரக்கறிச் சந்தையும் பேலியகொடைக்குப் போய்விட்டது. உங்களுக்கோ பக்கத்துச் சாரம் ஏணி போல நிற்கிறது. ஆகவே வழி மூன்று: பின்கூரை, பக்கத்துச் சுவர், பிறகு முன்கதவு. இந்த வரிசையில்தான் காசு செலவழிக்க வேண்டும். நீங்கள் வாங்கிய விலைப்பட்டியல்களில் ஒன்றிலாவது கூரை என்ற சொல் இருக்கிறதா? இல்லையென்றால் அவர்கள் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

கூரைக்கு நான் சொல்வது இது. சீட்டுக்குக் கீழே ஒரு அடி விட்டு, கனமான வெல்ட் மெஷ் என்ற கம்பி வலையை இரும்புச் சட்டத்தில் அடித்து, சட்டத்தைச் சுவரில் பொருத்துங்கள். சீட்டையோ அதைத் தாங்கும் மரத்தையோ அது தொடக்கூடாது. அதிர்வு சென்சர் இரண்டை அந்தச் சட்டத்தில் பூட்டுங்கள். சீட்டிலேயே பூட்டினால் ஐப்பசி மழைக்கும் காகத்துக்கும் பூனைக்கும் அது அடித்துக்கொண்டே இருக்கும். மெஷ் தனியாக நின்றால் மழை அதை ஆட்டாது. வெட்ட வருகிறவனின் கை மட்டும்தான் ஆட்டும். அவன் சீட்டைக் கழற்றி, மெஷ்ஷில் முதல் வெட்டு வைக்கும்போதே உங்களுக்கு அழைப்பு வந்துவிடும். மிச்சக் கம்பிகளை அவன் அறுத்துக்கொண்டிருக்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். வேலை செய்யும் பாஸிடம், அஸ்பெஸ்டஸ் சீட்டைத் துளைக்கவோ வெட்டவோ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

பக்கத்துச் சுவருக்கும் அதிர்வு சென்சர் போடலாம். ஆனால் அங்கே இடிக்கும் வேலை முடியும் வரைக்கும் வேண்டாம். நீங்கள் பூட்டிப் போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேலை செய்தால் நாள் முழுக்கப் பொய் அலாரம். இப்போதைக்கு அந்தச் சுவர் நீளத்துக்கு உள்பக்கம் திரை போலப் பார்க்கும் பீ.ஐ.ஆர்., அதாவது ஆள் அசைவைப் பிடிக்கும் சென்சர் ஒன்றை வையுங்கள். அகலமாகப் பார்க்காது, சுவரை ஒட்டி ஒரு மெல்லிய திரைச்சீலை தொங்குவது போல மட்டும் பார்க்கும். ஓட்டை போட்டுத் தலையை நீட்டினால் பிடித்துவிடும். கட்டட வேலைக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து, இரவில் சாரத்தின் கீழ்ப்படியைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு அது.

இந்த பீ.ஐ.ஆர். சென்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சேலைக் கடையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். அது எதையும் அனுப்புவதில்லை; மனித உடலின் வெப்பம் தன் பார்வையில் இடம் மாறுவதை மட்டும் கவனிக்கிறது. குறுக்கே நடப்பவனைச் சட்டென்று பிடிக்கும். தன்னை நோக்கி நேரே வருபவனைப் பிடிக்கத் தாமதிக்கும். அதனால் மாடிப்படியைப் பார்த்தபடி எதிரே வைக்காமல், படியில் இறங்குகிறவன் குறுக்கே போகும்படி பக்கச் சுவரின் மூலையில், ஏழு அடி உயரத்தில் வையுங்கள். மேலேயிருந்து கீழே வர அந்தப் படி ஒன்றுதான் வழி என்றால், கடைக்குள் மிக முக்கியமான சென்சர் அதுவே.

இனி மேல் ஸ்டோர். பகல் இரண்டு மணிக்கு சீட்டுக்குக் கீழே நின்று பாருங்கள், வியர்த்துக் கொட்டும். அறையின் வெப்பம் உடம்பின் வெப்பத்துக்குக் கிட்டப் போகும்போது பீ.ஐ.ஆர். கண்ணுக்கு மனிதனும் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. இரவில் நன்றாக வேலை செய்யும் சென்சர், சித்திரை வெயிலில், லீவு நாள் பகலில் குருடாகலாம். போன மாதம் உங்கள் வரிசையில் நடந்ததும் லீவு நாளில்தான் என்கிறீர்கள். ஆகவே மேலே சாதாரண பீ.ஐ.ஆர். வேண்டாம். மைக்ரோவேவ் அலை அனுப்பி அசைவைப் பார்க்கும் முறையும் சேர்ந்த இரட்டைச் சென்சரில், வெப்பம் ஏறும்போது ஈடுசெய்யும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். அதோடு மெஷ்ஷில் உள்ள அதிர்வு சென்சருக்கு வெயிலும் ஒன்று, நிலவும் ஒன்று.

உங்களைப் போன்ற கடையில் இன்னொரு ஆபத்து சரக்கு. தீபாவளிக்கு முன்னும் சித்திரைக்கு முன்னும் கட்டுகள் கூரை வரை ஏறும். சென்சருக்கு முன்னால் ஒரு கட்டை அடுக்கினால் அதன் உலகம் அவ்வளவுதான். சென்சர் பார்க்கும் வழியை, தரையில் மஞ்சள் வர்ணத்தால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் சரக்கு வைக்கக்கூடாது என்பது கடைச் சட்டமாக இருக்கட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒரு துணிக்கடைக்கு நானே அலாரம் பூட்டினேன். விற்பனைக்குத் தொங்கவிட்ட சேலைகளுக்கு எதிரே ஒரு சென்சரை வைத்தேன். பூட்டும்போது சேலை அங்கே இல்லை; வெறும் கம்பி மட்டும் இருந்தது. யாரோ ஒரு மின்விசிறியை நிறுத்தாமல் பூட்டிப் போன இரவில் சேலைகள் ஆடின, சைரன் அடித்தது. அடுத்த வாரம் திரும்பவும். மூன்றாம் முறை நான் போய் அந்த சென்சரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே, வட்டமான சின்னக் கண்ணுக்குப் பக்கத்தில், இரண்டு பல்லி முட்டை கொண்டைக்கடலை அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. வயர் வரும் துளையை நான் அடைக்காமல் விட்டிருந்தேன். முட்டையை எடுத்தேன், துளையைச் சிலிக்கனால் அடைத்தேன், சேலை விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சித்திரை வருடப்பிறப்பு லீவு வந்தது. கடையைப் பூட்டிய பொறுப்பாளர், லீவிலும் அது அடித்துத் தன்னை எழுப்பும் என்று அந்த ஸோனை மட்டும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பக்கத்தால்தான் வந்தார்கள். பிறகு நான் பெட்டியின் பதிவைத் தட்டிப் பார்த்தபோது சின்னத் திரையில் ஒரு வரி: ஸோன் 4, பைபாஸ், மாலை 6.52. அந்த வரியை நான் மறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று இரவு பொய் சொன்ன கருவியை நாலாம் இரவு யார் நம்புவார்?

அதனால் ஒரு சென்சர் பொய்யாக அடித்தால், அன்றைக்கே காரணம் தேடுங்கள். நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள்.

வயரா, வயர் இல்லாததா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடைக்கு வயர்தான். வயர் இல்லாத செட் வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் நல்லது, நானும் பூட்டுகிறேன். ஆனால் தடித்த பழைய சுவர், இரும்புக் கதவு, கூரை முட்ட அடுக்கிய துணி, இவற்றைத் தாண்டி சிக்னல் போகவேண்டும். ஒவ்வொரு சென்சரிலும் உள்ள பற்றரியை நேரத்துக்கு மாற்ற ஒருவர் வேண்டும். வயர் இழுத்தாலும் எப்படி இழுக்கிறார்கள் என்பது இருக்கிறது. 1853இல் அமெரிக்காவில் ஒகஸ்டஸ் போப் என்பவர் மின்சாரக் கள்வர் மணிக்குக் காப்புரிமை எடுத்தார். கதவு திறந்தால் மின்சுற்று பூர்த்தியாகி மணி அடிக்கும். அந்த முறையில், வயரை முன்கூட்டியே வெட்டிவிட்டால் மணி வாய் திறக்காது. இன்றைய முறையில் வயருக்குள் எப்போதும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடுகிறது, வெட்டினாலே அடிக்கும். ஆனால் வயரை ஒன்றோடு ஒன்று இணைத்து ஏமாற்றவும் முடியும், கடையில் வேலை செய்கிற ஒருவர் பகலில் சாவகாசமாகச் செய்யலாம். அதைத் தடுப்பது வயரின் கடைசி முனையில் வைக்கும் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்தடைத் துண்டு. அது சென்சருக்குள்ளேயே இருக்க வேண்டும். சிலர் வேலையைச் சுருக்க எல்லா ரெசிஸ்டரையும் பெட்டிக்குள்ளேயே பூட்டிவிடுகிறார்கள். அப்போது அதனால் ஒரு பயனும் இல்லை. வேலை முடிந்த நாளில் ஒரு சென்சரின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாய், வர்ணக் கோடு போட்ட துண்டு ஒன்று தெரிய வேண்டும்.

முன் ரோலர் கதவுக்குக் கனமான அலுமினிய உறை போட்ட காந்த சென்சர் போடுங்கள், பக்கத் தண்டவாளத்தில். தரையில் வைத்தால் கைவண்டி ஏறி நசுக்கும், கழுவுகிற தண்ணீர் போகும்.

கரண்ட் விஷயத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதாகச் சொல்லி நாடே இருண்டது, ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டியிருந்த நாள். பெட்டிக்குள் வழக்கமாக வைப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி. உங்கள் அளவுக்குப் பெட்டி, கீபேட், எட்டு சென்சர், சிம் கருவி எல்லாம் சேர்த்து 350 மில்லி அம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். கணக்குப்படி 20 மணித்தியாலம். அது புதுப் பற்றரிக்கு. இந்த வகைப் பற்றரி வெக்கையில் சீக்கிரம் சாகும்; பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. சீட்டுக்குக் கீழே மேல்மாடியில் பெட்டியைப் பூட்டினால் இரண்டு, மூன்று வருடத்தில் அது பெயருக்குத்தான் பற்றரி. பெட்டியைக் கீழே, குளிர்ந்த இடத்தில், வெளியாள் கண்ணுக்குப் படாமல் வையுங்கள். பற்றரியின் மேல் மாற்றிய திகதியை மார்க்கர் பேனையால் எழுதச் சொல்லுங்கள். மூன்று வருடத்தில் மாற்றுங்கள், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும்.

அழைப்புப் போக இரண்டு வழி வேண்டும். ஒன்று சிம், மற்றது இன்டர்நெட். இன்டர்நெட் மட்டும் என்றால் கரண்ட் போனதும் ரவுட்டர் சாகும். அதற்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வையுங்கள். சிம் ப்ரீபெய்ட் என்றால் ரீலோட் மறந்த மாதத்தில் அது செத்துக் கிடக்கும், நீங்கள் அறியமாட்டீர்கள். மாதப் பில் வரும் சிம் எடுங்கள். சிக்னலை ரோலர் கதவை இறக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். பகலில் கதவு திறந்திருக்கும்போது நாலு கோடு காட்டுவது, இரும்பு இறங்கியதும் ஒன்றாகிவிடும். தினமும் ஒரு நேரத்தில் ‘நலம்’ என்று ஒரு செய்தி உங்கள் போனுக்கு வரும்படி வைக்கலாம். அது வராத நாளில் உடனே கடைக்குப் போன் எடுங்கள். உங்கள் போன் இரவில் சத்தம் நிறுத்தியிருந்தாலும் அலாரத்தின் சிம் இலக்கத்துக்கு மட்டும் அடிக்கும்படி இன்றைக்கே மாற்றி வையுங்கள்.

சைரன் இரண்டு. வெளியே உயரத்தில், தனக்கென்று பற்றரி உள்ளது ஒன்று. உள்ளே, காதைப் பிளக்கும்படி ஒன்று. உள்ளே நிற்கிறவன் தன் கூட்டாளியோடு கதைக்க முடியாமல் போக வேண்டும்.

ஆட்கள் பற்றி மனம் கோணாமல் ஒன்று சொல்ல வேண்டும். அலாரத்தைப் போடவும் நிறுத்தவும் அழுத்தும் இரகசிய இலக்கம் ஒன்றையே எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். திறக்கும், பூட்டும் பொறுப்புள்ளவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு இலக்கம். யார் எத்தனை மணிக்குத் திறந்தார் என்று பெட்டி எழுதி வைக்கும். அது யாரையும் சந்தேகிக்க அல்ல. ஒன்று நடந்தால் நேர்மையான ஆளைப் பொலிஸ் விசாரணையிலிருந்து காப்பாற்றுவதும் அந்தப் பதிவுதான். அப்பா காலத்து ஆட்களிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். வேலையை விட்டவரின் இலக்கத்தை அன்று மாலையே அழியுங்கள். பூட்டுகிறவருக்கென்று தொழிற்சாலையிலிருந்தே பெட்டியில் வரும் இலக்கத்தையும் உங்கள் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். அதை விட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். கத்தி காட்டித் திறக்கச் சொன்னால் அழுத்த ஒரு தனி இலக்கம் வைக்கலாம். அலாரம் நின்றது போல இருக்கும், ஆனால் செய்தி போய்விடும்.

கமரா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 16 வேண்டாம். கூரைப் பக்கம், மாடிப்படி, காசுமேசை, முன்வாசல், நாலு போதும். அலாரம் அடித்ததும், அது உண்மையா பொய்யா என்று வெள்ளவத்தையிலிருந்தே போனில் பார்க்க அவை உதவும். பொலிஸுக்குப் பேசும்போது ‘ஆள் உள்ளே நிற்கிறான், பார்க்கிறேன்’ என்று சொல்ல முடிவது பெரிய விஷயம். ஆனால் கமரா மட்டும் இருந்தால், காலையில் வந்து நடந்ததைப் படமாகப் பார்ப்பீர்கள். பதிவுப் பெட்டியைக் காசுமேசைக்குக் கீழே வைக்காதீர்கள், முதலில் தூக்குவது அதைத்தான்.

காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து வாசியுங்கள். உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அலாரம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், சம்பவ இரவில் அது போடப்பட்டிருந்ததா என்றும் கேட்பார்கள். பூட்டும்போது அலாரம் போடுவதையும் திறப்புப் போலவே ஒரு ஆளின் பொறுப்பாக்குங்கள்.

ஆக, மூன்றாமவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். எட்டு ஸோன் பெட்டியில் மெஷ்ஷுக்கும் சுவருக்கும் ஸ்டோருக்கும் படிக்கும் முன்கதவுக்கும் தனித்தனி ஸோன் கேளுங்கள். பின்னொரு நாள் சுவர் அதிர்வு சென்சர் சேர்க்க இடம் மிச்சமிருக்கட்டும். அவர் சம்மதிக்கிறாரா என்பதைவிட, உங்களோடு மேல்மாடிக்கு ஏறி வருகிறாரா என்று பாருங்கள். வேலை முடிந்த நாளில் விளக்கை அணைத்துவிட்டு, கூரைப்பக்கத்திலிருந்து காசுமேசை வரை நீங்களே நடந்து பாருங்கள். ஒவ்வொரு சென்சரிலும் சின்னச் சிவப்புப் புள்ளி எரிய வேண்டும். எரியாத இடத்தில் நின்று அவரைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை இதே நடையை நடவுங்கள்.

ஒரே ஒரு அவசரம் மெஷ் வேலை. அதைத் தீபாவளிச் சரக்கு வருமுன் முடித்துவிடுங்கள். கட்டுகள் ஏறிய பிறகு மேலே ஏணி வைக்க இடம் இருக்காது.